அறிவியல் வகுப்பில் கதை சொன்னால் போர்ஷன் முடியுமா?

ஜனவரி 17 (கேள்வி)

அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டு முதல் பத்து வரை அறிவியல் எடுக்கிறேன். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் "கதை வழியாகச் சொல்லுங்கள், வகுப்பு முடிந்ததும் நடந்ததை யோசித்து எழுதுங்கள்" என்கிறார்கள். ஒரு பாடத்துக்கு எனக்குக் கிடைப்பது ஐந்தாறு பீரியடு. அதற்குள் கதையும் சொல்லி, கேள்வியும் கேட்டு, வீட்டுக்குப் போய் டைரி வேறு எழுதவா? கதையெல்லாம் தமிழ் ஐயா பார்த்துக்கொள்ளட்டும். அறிவியலுக்கு வேண்டியது சோதனையும் கணக்கும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், ஆனால் கரும்பலகை முன்னால் நின்றவர்கள் மட்டும்.

ஜனவரி 17, இரவு

நின்றிருக்கிறேன், பல வருடம். இப்போது பி.எட். கல்லூரியில் இருக்கிறேன். அதாவது நீங்கள் திட்டுகிற கூட்டத்தில் நானும் உண்டு.

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். பயிற்சிகளில் கதை என்ற பெயரில் காட்டுவதைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும். சோடியத்துக்கும் குளோரினுக்கும் கல்யாணம், எலக்ட்ரான் வரதட்சணை. வகுப்பே சிரிக்கும். அப்புறம் அரையாண்டுத் தேர்வில் ஒருவன் "எலக்ட்ரானைக் கொடுத்ததும் சோடியம் நிம்மதி அடைகிறது" என்று எழுதுவான். நான் திருத்திய தாளிலேயே வந்தது. இதற்கு மார்க் உண்டா இல்லையா என்று ஸ்டாஃப் ரூமில் அன்று முழுக்க விவாதம். வேதியியல் அம்மா அரை மார்க் போடலாம் என்றார், அடைவது எண்ம நிலை (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்) என்பதால்.

அயனிப் பிணைப்புக்கு மாலை போட்டு மேடையில் உட்கார வைத்தால் அது கதையாகிவிடாது. ஒரு ஆளுக்கு ஒரு விஷயம் புரியவில்லை, புரியாமல் என்ன பாடுபட்டார், அடுத்து என்ன செய்து பார்த்தார்: இதைத்தான் நான் கதை என்கிறேன். நீங்கள் கேட்கிற சோதனையும் கணக்கும் அதற்குள்ளேயே இருக்கும்.

ஜனவரி 18

உதாரணம் கேட்டிருக்கிறீர்கள். ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வகுப்பானாலும் சரி.

புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. வான் ஹெல்மான்ட் என்று ஒருவர், பிரஸ்ஸல்ஸ் பக்கம், நானூறு வருடத்துக்கு முன்பு. பெரிய தொட்டியில் காயவைத்த மண்ணை 200 பவுண்டு நிறுத்துப் போட்டார். ஐந்து பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார் (கிரிக்கெட் மட்டை செய்கிற மரம் என்றால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்). தூசி விழாதபடி, ஓட்டை போட்ட தகரத்தால் தொட்டியை மூடினார். மழைத்தண்ணீர், தேவைப்பட்டால் காய்ச்சி வடித்த தண்ணீர், தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. ஐந்து வருடம் கழித்து மரத்தைப் பிடுங்கி நிறுத்தால் 169 பவுண்டு. அப்புறம் மண்ணை மறுபடி காயவைத்துத் தராசில் ஏற்றினார்.

இங்கே நிறுத்திவிடுவேன். மண் எவ்வளவு குறைந்திருக்கும்?

சொல்கிற எண்ணையெல்லாம் கரும்பலகையில் எழுத வேண்டும். 100 வரும், 50 வரும். யாராவது ஒருவன் கழித்துப் பார்த்து 164 என்பான். வகுப்பு மொத்தமும் அவன் பக்கம் சாய்ந்துவிடும், ஏனென்றால் அவன்தான் கணக்குப் போட்டவன். சாய்ந்து முடிந்த பிறகு விடையைச் சொல்வேன்: சுமார் இரண்டு அவுன்ஸ். நம் கணக்கில் அறுபது கிராமுக்குள்.

அடுத்த ஐந்து நிமிடம் வகுப்பில் ஒரே இரைச்சல். "தொட்டிக்கு அடியில ஓட்டை இருந்துச்சா சார்?" "உரம் போட்டாரா?" "தராசு சரியா இருந்துச்சா?" ஒரு முறை, வாயே திறக்காத ஒரு பெண், "அஞ்சு வருசமா உதிர்ந்த இலையை எடை போட்டாரா சார்?" என்று கேட்டாள். உதிர்ந்த இலைகளை எடையில் சேர்க்கவில்லை என்று ஹெல்மான்டே எழுதி வைத்திருக்கிறார். அவள் அதையெல்லாம் எங்கே படித்தாள்? தினமும் காலையில் வேப்பமரத்தடியைப் பெருக்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள்.

இதற்கு அரை பீரியடு ஆகும். இலையில் ஸ்டார்ச் சோதனை செய்கிற பீரியடில் பாதி. சோதனையையும் விடக்கூடாது, அடுத்த நாள் அயோடினை எடுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடுவார்கள்.

ஜனவரி 18, பிற்பகல்

"விடை சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் ஏமாந்துவிட மாட்டார்களா?" இப்படி ஒருவர் கேட்டிருக்கிறார்.

விடையைச் சொல்லாமல் விடவில்லையே. ஹெல்மான்டின் விடையைச் சொல்வேன்: மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது. அது தப்பு என்று மட்டும் அன்றைக்குச் சொல்ல மாட்டேன். இதே மனிதர் 62 பவுண்டு கரியை எரித்து, ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சியது என்றும், மீதி கண்ணுக்குத் தெரியாத வாயுவாகப் போய்விட்டது என்றும் எழுதியவர். அதாவது நாம் கார்பன் டை ஆக்சைடு என்பதை மரக்கரியிலிருந்தே பிடித்தவர். மரத்திலிருந்து அது வெளியே போனதைக் கண்டவருக்கு, மரத்துக்குள் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. இவர் புத்தகம் இவர் இறந்த பிறகு, 1648-இல் வந்தது. பிரீஸ்ட்லி புதினாச் செடியை மூடிய ஜாடிக்குள் வைத்து, கெட்டுப்போன காற்றைச் செடி சரிசெய்வதைக் கண்டது 1771. வெளிச்சம் இருந்தால்தான் நடக்கும், அதுவும் பச்சைப் பாகத்தில்தான் நடக்கும் என்று இங்கன்ஹவுஸ் காட்டியது 1779. தண்ணீரும், காற்றிலிருந்து வரும் கார்பனும் இரண்டுமே எடையில் சேர்கின்றன என்று சோஷூர் நிறுத்துக் காட்டியது 1804. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆன விஷயத்தை நாம் ஒரே வரியில் சமன்பாடாக எழுதிப்போட்டு, "புரிஞ்சுதா?" என்கிறோம். அவர்களும் "புரிஞ்சுது சார்" என்கிறார்கள். மரியாதைக்கு.

ஜனவரி 21

நிறுத்துவது பற்றி இன்னும் கொஞ்சம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், அதற்குள் அடுத்த பிள்ளையைக் கேட்கிறார் அல்லது பதிலைத் தானே சொல்லிவிடுகிறார். மூன்று நொடி பொறுத்தால் பதில் நீள்கிறது, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசுகிறார்கள்.

மூன்று நொடி என்றால் சும்மாவா? வகுப்பில் நின்று பாருங்கள், மூன்று நிமிடம் போலத் தோன்றும். எங்கள் மாணவ ஆசிரியர்களால் முடியவே இல்லை. ஒரு பெண் சாக்பீஸ் பெட்டியைத் திறந்து மூடி, மறுபடி திறந்தார். ஒருவர் ஏற்கெனவே துடைத்த போர்டைத் துடைத்தார். கதைக்கு நடுவில் நிறுத்தினால் மட்டும் கொஞ்சம் எளிதாக இருக்கிறது. கதை அந்தரத்தில் நிற்கும்போது பேசாமல் இருப்பது சொல்கிறவருக்கு உரிமை மாதிரி.

ஜனவரி 22

நியூட்டன் ஆப்பிள், ஆர்க்கிமிடிஸ் தொட்டி, கெக்குலேயின் பாம்பு. பட்டியல் போட்டிருக்கிறீர்கள், நன்றி. இதில்தான் எனக்குத் தகராறு.

ஆப்பிள் தலையில் விழுந்ததாக நியூட்டனைத் தெரிந்தவர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. வயதான நியூட்டன் தோட்டத்தில் உட்கார்ந்து ஸ்டக்லி என்ற நண்பரிடம், ஆப்பிள் விழுவதைப் பார்த்து யோசித்ததாகச் சொன்னார். அது 1726. அவர் சொன்ன சம்பவம் அதற்கு அறுபது வருடம் முந்தையது. ஆர்க்கிமிடிஸ் தெருவில் ஓடியதை நமக்குச் சொன்ன விட்ருவியஸ், அவருக்கு இருநூறு வருடம் பிந்தியவர். பென்சீன் மூலக்கூறு ஒரு வளையம் என்று வேதியியலாளர் கெக்குலே வெளியிட்டது 1865, வாலைக் கவ்விய பாம்பைக் கனவில் கண்டதாக மேடையில் சொன்னது 1890.

நடந்ததா இல்லையா என்பதைக் கூட விட்டுவிடலாம். இந்தக் கதைகளில் குழப்பம் இல்லை, தப்பான முயற்சி இல்லை. ஒரு மேதை, ஒரு நொடி, முடிந்தது. கேட்கிற பிள்ளைக்கு "நமக்கெல்லாம் இது வராது" என்பது மட்டும் நன்றாகப் புரியும்.

ஜனவரி 22, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "அப்போ குழந்தைகளுக்கு ஆப்பிளே கிடையாதா?" என்கிறார். கொடுங்கள். சாப்பிடக் கொடுங்கள்.

ஜனவரி 26

விடுமுறை. கொடியேற்றிவிட்டு வந்து ரெக்கார்டு திருத்திக்கொண்டிருக்கிறேன். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, அந்த டைரிக்கு, இன்னும் யாரும் வரவில்லை. நான் வருகிறேன்.

2015-லிருந்து பி.எட். இரண்டு வருடம். இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். தினமும் எடுத்த வகுப்பைப் பற்றி யோசித்து ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் எழுத வேண்டும். என் மேஜையில் இப்போது ஒரு அடுக்கு கிடக்கிறது. மேலே இருக்கிற நோட்டைத் திறக்கிறேன்: "இன்று அழுத்தம் பற்றிய பாடத்தை மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் கவனித்தனர். சிலர் கவனக்குறைவாக இருந்தனர். அடுத்த முறை துணைக்கருவிகளை இன்னும் சிறப்பாகப் பயன்படுத்துவேன்." அடுத்த நோட்டு: அதே வரிகள், அழுத்தத்துக்குப் பதில் அமிலம். மூன்றாவதில் கையெழுத்தே வேறு. ரெக்கார்டு எழுதித் தருவதற்கு ஊரில் ஆள் இருக்கிறார்கள், பக்கக் கணக்கு. யோசனையையும் சேர்த்துத் தருகிறார்கள் போல.

திருத்தும்போது தோன்றியது: இதுவும் ஆப்பிள் கதைதான். குழப்பம் இல்லை, சின்னக் குறை ஒன்று ஒப்புக்கு, கடைசியில் முன்னேற்றம். புத்தகத்தில் விஞ்ஞானியைப் பற்றி நாம் எப்படி எழுதுகிறோமோ அப்படியே இவர்கள் தங்களைப் பற்றி எழுதுகிறார்கள். மார்க் போடுகிறவருக்காக எழுதினால் வேறெப்படி வரும்? ஆகவே உங்கள் டைரி வெறுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வெறுப்பு அந்த ஃபார்மின் மேல் இருக்க வேண்டியது.

ஜனவரி 27

இப்போது எங்கள் பிரிவில் நான் செய்வது. அரைப் பக்கம் போதும். ஒரு பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம், அவன் பேச்சிலேயே. அதற்கு நீங்கள் உடனே சொன்ன வார்த்தை, உங்கள் பேச்சிலேயே. "ஆர்வத்துடன்" போன்ற சொற்களுக்குத் தடை. "அடுத்த முறை"க்கும் தடை. மார்க் கிடையாது. சனிக்கிழமை வட்டமாக உட்கார்ந்து படிப்போம்.

ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவ ஆசிரியை ஒன்பதாம் வகுப்பில் செமல்வைஸ் என்ற டாக்டரின் கதை சொன்னார். வியன்னா பொது மருத்துவமனை, 1840-கள். இரண்டு பிரசவ வார்டு. டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்க்கும் முதல் வார்டில், பிரசவித்த பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் போல ஜன்னியில் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்க்கும் இரண்டாவது வார்டில் நான்குக்கும் குறைவு. முதல் வார்டு வேண்டாம் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்கள். வழியில் தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்கள் கூட அதைவிடத் தப்பித்தார்கள். ஏன்? நெரிசலா? இரண்டாவது வார்டில்தான் நெரிசல் அதிகம். மணியடித்துக்கொண்டு வரும் பாதிரியாரைப் பார்த்துப் பயமா? மணியை நிறுத்திப் பார்த்தார், மாற்றமில்லை. படுக்க வைக்கிற விதமா? அதையும் மாற்றிப் பார்த்தார். 1847-இல் அவர் நண்பர் கொல்லெட்ச்கா பிணப் பரிசோதனையின்போது விரலில் கத்தி பட்டு, அதே அறிகுறிகளோடு இறந்தார்.

மாணவ ஆசிரியை இங்கே நிறுத்தியிருக்கிறார். சரியான இடம். அப்போது ஒரு பையன் எழுந்து, "மிஸ், அந்த வார்டு சரியில்லனு அந்த அம்மாங்களுக்கே தெரிஞ்சிருக்கு. டாக்டருங்க ஏன் அவங்களக் கேக்கல?" என்றானாம்.

குறிப்பில் அடுத்த வரி: "நான் சொன்னது: நல்ல கேள்வி, உட்காரு."

சனிக்கிழமை இதைப் படித்ததும் எல்லோரும் சிரித்தோம். எல்லோருமே சொல்லியிருக்கிறோம். ஏன் உட்காரச் சொன்னாய் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "பின்னாடி கைடு டீச்சர் இருந்தாங்க" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கேள்வி லெசன் பிளான்ல இல்ல" என்றார். அதற்கும் பிறகு, "எனக்குப் பதில் தெரியல, தெரியலனு அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது" என்றார். மூன்றும் உண்மை, வந்த வரிசையும் அதுதான். ஜர்னலில் தனியாக எழுதியிருந்தால் முதல் வரியோடு நின்றிருக்கும்.

திங்கட்கிழமை அவர் அந்தப் பையனை எழுப்பி, அதே கேள்வியை வகுப்புக்குப் போட்டிருக்கிறார். அதன் பிறகுதான் பிணப் பரிசோதனை செய்த கையோடு முதல் வார்டுக்கு வந்தவர்களைச் செமல்வைஸ் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தது, ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டாக இறங்கியது, அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் ஒத்துக்கொள்ளாதது எல்லாம்.

பிப்ரவரி 2

ஒரு வாரமாக இன்னொரு பக்கமும் யோசனை ஓடுகிறது. கதை மனதில் ஒட்டுகிறது என்று மகிழ்கிறோம். தப்பான கதையும் அதே பசையில்தான் ஒட்டுகிறது.

பத்தாம் வகுப்பில் லாமார்க். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்து நீண்டது, அது குட்டிக்கும் வந்தது. இது தவறு என்று சொல்லி டார்வினுக்குப் போகிறோம். அடுத்த வருடம் அதே பிள்ளைகளைக் கேளுங்கள்: எட்டி எட்டித்தான் நீண்டது என்பார்கள். அந்தக் கதையில் ஆள் இருக்கிறது, ஆசை இருக்கிறது, முயற்சிக்குப் பலன் இருக்கிறது. காலைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் சொல்கிற அறிவுரைக்கும் பொருந்துகிறது. இயற்கைத் தேர்வில் என்ன இருக்கிறது? குட்டை கழுத்துக்காரர்கள் குறைவாகக் குட்டி போட்டார்கள். யாரும் முயற்சி செய்யவில்லை. இதைக் கதையாகச் சொல்ல எனக்கு இன்னும் வழி பிடிபடவில்லை. பரிணாமத்துக்குக் கதையை விட்டுவிட்டு, பலநிற மணிகளைப் பலநிறத் துணியில் கொட்டிப் பொறுக்க வைப்பதே (துணியோடு கலந்து மறைகிற மணிதான் மிஞ்சும்) மேல் என்று இப்போதைக்கு நினைக்கிறேன். கேள்வி கேட்டவருக்கு இதில் ஒரு புள்ளி கொடுத்துவிடலாம்.

இன்னொரு புள்ளியும்: பத்தாம் வகுப்பில் ஜனவரிக்கு மேல் எந்தக் கதையும் வேண்டாம். அது ரிவிஷன் டெஸ்ட் காலம். ஏழு, எட்டு, ஒன்பதில் ஒரு பருவத்துக்கு இரண்டோ மூன்றோ போதும். எல்லாப் பாடத்துக்கும் கதை தேடினால் கடைசியில் சோடியத்துக்கு மறுபடி பெண் பார்க்க வேண்டி வரும்.

பிப்ரவரி 9

ஒன்றியப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தேன். முதலில் கை தட்டும் விளையாட்டு. அப்புறம் குழுவாகப் பிரிந்து சார்ட், ஜிகினா. பதினொரு மணி டீயோடு கருத்துப் படிவம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் உடனே "பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று நிரப்பிக் கையெழுத்தும் போட்டார். இன்னும் அரை நாள் இருக்கிறதே என்றேன். "அதுவும் பயனுள்ளதாத்தான் சார் இருக்கும்" என்றார்.

பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. சோதனை செய்து கற்கும் பாடம் என்றுதான் அதைச் சொல்வோம். எனக்கு அதில் பிடித்தது மாதாந்திரக் கூட்டம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி, எந்தச் சோதனை சொதப்பியது, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று பேசுவார்கள். அதிலிருந்து கிடைத்ததை வைத்துப் பாடநூலையும் திருத்தினார்கள். 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. நடந்ததைச் சொல்ல ஒரு இடம், சொன்னதால் ஏதோ ஒன்று மாறுகிறது. இந்த இரண்டும் இருந்தால் டைரி எழுது என்று யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. நம் சி.ஆர்.சி. (பக்கத்துப் பள்ளிகளுக்கான குறுவள மைய) கூட்டத்தை இப்படி நடத்தலாமே என்றால், நிகழ்ச்சி நிரல் மேலிருந்து வருகிறது.

பிப்ரவரி 15

காலரா தண்ணீரால் பரவுகிறது என்று சொன்ன லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோவின் கதையை எழுதியவருக்கு ஒரு திருத்தம். லண்டன் பிராட் தெருவில் பம்பு கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடியைக் கழற்றியது 1854 செப்டம்பர் 8. அதற்குள் சாவு எண்ணிக்கை ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருந்தது, பலர் அந்தப் பகுதியைவிட்டே ஓடியிருந்தார்கள். ஸ்னோவே அதைச் சொல்லியிருக்கிறார்.

இதனால் கதை கெடாது. கைப்பிடிக்கு முன்னால் நிறுத்தி, இவருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்து பீர் ஆலைத் தொழிலாளிகள் யாரும் சாகவில்லை, ஏன்? (பீர் குடித்தார்கள். சரி, எட்டாம் வகுப்பில் "ஆலைக்குள்ளேயே தனிக் கிணறு இருந்தது" என்று சொல்லிக்கொள்ளலாம், அதுவும் உண்மைதான்.) தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை மட்டும் ஏன் செத்தாள்? அந்தப் பம்புத் தண்ணீர்தான் ருசி என்று தினமும் வண்டியில் வரவழைத்தாள். ஸ்னோ சொன்னது தப்பு என்று காட்டக் கிளம்பிய பாதிரியார் வைட்ஹெட் வீடு வீடாக விசாரித்து, கடைசியில் அவர் பக்கமே வந்து சேர்ந்தார். எனக்கு ஸ்னோவை விட இவரைத்தான் பிடிக்கும்.

பிப்ரவரி 23

கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார்: "28-ஆம் தேதி அறிவியல் தினம். ராமன் பற்றிப் பேசச் சொல்லி ஹெச்.எம். என் தலையில் கட்டிவிட்டார். எங்கே நிறுத்த?"

வழக்கமான பேச்சு இப்படிப் போகும்: 1921-இல் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலைப் பார்த்தார், ஏன் நீலம் என்று வியந்தார், 1928-இல் கண்டுபிடித்தார், 1930-இல் நோபல், கைதட்டல். வியந்ததற்கும் கண்டுபிடித்ததற்கும் நடுவில் இருப்பதை விட்டுவிடுகிறோம். கடல் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று சொன்னவர் ரேலே என்ற ஆங்கில இயற்பியலாளர், சாதாரண ஆள் இல்லை. ராமன் கையில் நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது. ஒரு கோணத்தில் அதன் வழியாகப் பார்த்தால் நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை வடிகட்டிவிடும். ரேலே சொன்னது சரி என்றால், பிரதிபலிப்பை எடுத்துவிட்ட பிறகு கடல் என்ன நிறத்தில் தெரிய வேண்டும்?

இங்கே நிறுத்துங்கள். மூன்று நொடி.

நீலம் போகவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது என்பதைச் சொன்ன பிறகு, செய்து காட்டவும் முடியும். கெட்டுப்போன கால்குலேட்டரின் திரையில் முன்பக்கம் ஒட்டியிருக்கும் தாளை மெதுவாக உரித்தெடுங்கள், அதுவும் ராமனின் பட்டகம் போல ஒளியை முனைவாக்கும், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள். காலை ஒன்பது மணி வாக்கில் பிள்ளைகளை ஏரிக்கரைக்கோ தண்ணீர் நிரப்பிய அகலமான தொட்டிக்கோ கூட்டிப்போய், சரிவாகப் பார்த்தபடி தாளைக் கண் முன்னால் திருப்பச் சொல்லுங்கள். ஒரு நிலையில் மேலே மினுமினுப்பது அடங்கி உள்ளே இருப்பது தெரியும். ஏரியில் நீலத்தை எதிர்பார்க்க வேண்டாம், பாசிதான் தெரியும். ஒரே தாளுக்கு நாற்பது பேர் அடித்துக்கொள்வார்கள், இரண்டு மூன்று கால்குலேட்டர் தேற்றி வையுங்கள். கைபேசிக் கடைகளில் உடைந்த திரைகளும் கிடைக்கும், கண்ணாடிச் சில்லு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.